20 அறைக்கு இப்போதே முன்பணம் கட்ட வேண்டாம்: யோகா முகாம், பாப்-அப் வகுப்பு பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான்: "4 வருடமாக ஒரு சிறிய யோகா ஸ்டூடியோ நடத்துகிறேன். மாதக் கட்டணம் கட்டுகிறவர்கள் 60 பேர். ஒன்றரை வருடமாக இந்த எண்ணிக்கை ஏறவே இல்லை. புதிதாக 5 பேர் சேர்ந்தால் பழையவர்கள் 5 பேர் நின்றுவிடுகிறார்கள். மற்ற ஸ்டூடியோக்கள் வார இறுதி ரிட்ரீட், பாப்-அப் வகுப்பு என்று நடத்துவதைப் பார்க்கிறேன். ஒரு தங்கும் விடுதியில் 20 அறை மொத்தமாக எடுத்தால் நல்ல தள்ளுபடி தருவதாகச் சொல்கிறார்கள். பாதித் தொகையை முன்பணமாகக் கேட்கிறார்கள். எடுக்கலாமா? எங்கிருந்து தொடங்குவது?"

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த 20 அறைக்கு இந்த வாரம் பணம் கட்ட வேண்டாம். காரணத்தைக் கணக்கோடு கீழே சொல்கிறேன். முகாம், அதாவது ரிட்ரீட், நடத்தவே கூடாது என்று சொல்லவில்லை. நடத்தலாம், நடத்தவும் வேண்டும். ஆனால் அது உங்களுடைய இரண்டாவது படி, முதல் படி அல்ல.

நான் 14 வருடமாக யோகா கற்றுக்கொடுக்கிறேன், அதில் கடைசி 9 வருடம் சொந்த ஸ்டூடியோவில். முகாம்களில் நஷ்டமும் பார்த்திருக்கிறேன், நல்ல பலனும் பார்த்திருக்கிறேன். உங்கள் கேள்வியில் என் கண்ணில் பட்டது விடுதி விஷயம் அல்ல. "5 பேர் வந்தால் 5 பேர் போகிறார்கள்" என்ற வரிதான். இதற்குள் இரண்டு பிரச்சினைகள் இருக்கின்றன. வாசலுக்கு வருகிறவர்கள் குறைவு என்பது ஒன்று. வந்தவர்கள் நிலைப்பதில்லை என்பது இன்னொன்று. பாப்-அப் வகுப்பு, அதாவது வெளியிடத்தில் ஒரே ஒரு தடவை நடத்தும் வகுப்பு, முதலாவதைச் சரிசெய்ய உதவும். முகாம் இரண்டாவதற்கு. நிறையப் பேர் இதை மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். முன்பின் தெரியாதவர்களை விளம்பரம் கொடுத்து முகாமுக்கு அழைக்கிறார்கள். பாப்-அப்பில் தங்கள் சொந்த மாணவர்களையே வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். உங்களிடம் ஒரு வகுப்புகூடப் படிக்காதவர் இரண்டு நாளையும் ஒரு இரவையும் உங்களை நம்பி ஒதுக்குவது அபூர்வம். உங்களிடம் மூன்று மாதமாக வருகிறவர் ஒதுக்குவார்.

எதையும் தொடங்கும் முன் ஒரு வேலை. கடைசியாக நின்றவர்களில் 5 பேரைத் தொலைபேசியில் அழையுங்கள். திரும்பி வரச் சொல்லிக் கேட்காதீர்கள். "எந்த வாரத்தில் வருவது கஷ்டமாயிற்று?" என்று மட்டும் கேளுங்கள். வகுப்பு நேரம் ஒத்துவரவில்லை, அதே வரிசையே திரும்பத் திரும்ப வருகிறது என்ற மாதிரி பதில் வந்தால், முகாம் அதைச் சரிசெய்யாது. நேரத்தையும் பாடத்தையும் மாற்றினாலே போதும். "தனியாக வந்தேன், யாரோடும் பழக்கம் ஏற்படவில்லை", "முன்னேறுகிறேனா என்றே தெரியவில்லை" என்று வந்தால், முகாம் உண்மையிலேயே உதவும்.

இனி பாப்-அப். உங்கள் ஸ்டூடியோவுக்கு வெளியே, வேறொருவருடைய இடத்தில், ஒரே ஒரு தடவை நடக்கும் வகுப்பு என்பதைத் தாண்டி அதில் ஒன்றுமில்லை. நூலகம், புத்தகக் கடை, அலுவலக மொட்டை மாடி, அருங்காட்சியகக் கூடம், பூங்கா, எங்கும் நடத்தலாம். இடம் பார்க்கும்போது எல்லோரும் அழகைப் பார்க்கிறார்கள். நீங்கள் தூரத்தைப் பாருங்கள். எனக்கு ஒரு முறை ஊரின் மறுகோடியில் ஏரிக்கரைப் புல்வெளி ஒன்று கிடைத்தது. காலை ஒளி, தண்ணீர், மரங்கள், எல்லாம் இருந்தன. 52 பேர் வந்தார்கள். எல்லோரும் நன்றி சொன்னார்கள், படங்கள் எங்கும் பரவின. அடுத்த மாதம் அவர்களில் ஒருவர்கூட ஸ்டூடியோவுக்கு வரவில்லை. அங்கிருந்து என் இடத்துக்கு வர 50 நிமிடம் ஆகும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. அதற்குப் பிறகு ஸ்டூடியோவிலிருந்து நடந்தே போகக்கூடிய ஒரு நூலகத்தின் வாசிப்பறையில் நடத்தினேன். 18 பேர்தான் வந்தார்கள். 4 பேர் சேர்ந்தார்கள். அன்றிலிருந்து, ஸ்டூடியோவுக்கு 15 முதல் 20 நிமிடத்துக்குள் வரமுடிந்தவர்கள் புழங்கும் இடமா என்பதுதான் என் முதல் கேள்வி.

இடம் கொடுக்கிறவருக்கு என்ன கிடைக்கிறது என்பதை நீங்களே முதலில் யோசித்துவிட்டுப் போய்ப் பேசுங்கள். கடை திறக்கும் முன் ஒரு மணி நேரம் வகுப்பு, முடிந்ததும் 20 பேர் கடைக்குள் நிற்பார்கள் என்றால் கடைக்காரருக்கு அது புரியும். அலுவலகம் என்றால் மதியத்துக்குப் பிந்திய சோர்வு நேரத்தில் நாற்காலியிலேயே 30 நிமிடம் என்று சொல்லிப் பாருங்கள். பூங்கா என்றால் அனுமதி. கட்டணம் வாங்கும் வகுப்புக்கு, சில இடங்களில் இலவச வகுப்புக்கும், அந்தப் பூங்காவை நிர்வகிக்கும் அமைப்பிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். 30 பேர் யோகா விரிப்பை (மேட்) விரித்த பிறகு காவலாளி வந்து எழுப்பினால், அந்த 30 பேர் நினைவிலும் உங்கள் பெயரோடு அதுதான் ஒட்டியிருக்கும்.

இடத்தின் அளவைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். வழக்கமான மேட் ஏறக்குறைய 61 சென்டிமீட்டர் அகலம், 173 சென்டிமீட்டர் நீளம். அதாவது ஒரு சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். ஆனால் கையைப் பக்கவாட்டில் விரிக்க, பக்கத்துக்காரரின் காலில் இடிக்காமல் திரும்ப, ஒருவருக்கு இரண்டரை முதல் மூன்று சதுர மீட்டர் வேண்டும். 30 பேருக்கு 75 முதல் 90 சதுர மீட்டர், அதற்கு மேல் உங்களுக்கும் நடைபாதைக்கும். போர்வை, தலையணை, கட்டை எல்லாம் வைத்துச் செய்யும் ஓய்வு வகுப்பு என்றால் ஒருவருக்கு 4 சதுர மீட்டர் ஒதுக்குங்கள்.

வெட்டவெளியில் சின்னச் சின்ன விஷயங்கள்தான் வகுப்பைக் கெடுக்கும். முந்தின நாள் அதே நேரத்துக்கு அங்கே போய் நில்லுங்கள். வெயில் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். அது மாணவர்களின் முதுகில் விழட்டும். உங்கள் கண்ணில் பட்டால் பரவாயில்லை. வகுப்பு முடியும் நேரத்தில் நிழல் எங்கே இருக்கும் என்றும் பாருங்கள். சவாசனத்தில் படுத்திருக்கிறவர் முகத்தில் நேராக வெயில் அடித்தால் அவருக்கு அது ஓய்வே அல்ல. அதிகாலைப் புல்லில் பனி ஈரம் இருக்கும், மேட் வழுக்கும். தரை சரிவாக இருந்தால் படுக்கும்போது தலை உயரமான பக்கம் இருக்கட்டும். 15 பேருக்கு மேல் என்றால் உங்கள் குரல் கடைசி வரிசைக்குப் போகாது. காதில் மாட்டும் மைக் ஒன்று வாங்கிவிடுங்கள். அது ஒரே ஒரு தடவை செலவு, பிறகு முகாமுக்கும் ஆகும்.

என்ன சொல்லிக்கொடுப்பது? உங்களுக்கு வரும் கஷ்டமான ஆசனத்தைக் காட்டும் மேடை இதுவல்ல. 45 நிமிடம், நின்றும் உட்கார்ந்தும் செய்யக்கூடியவை, ஒவ்வொன்றுக்கும் ஒரு எளிய மாற்று. வீட்டுக்கு எடுத்துப் போக ஒரே ஒரு விஷயம். உதாரணமாக, மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கும் பயிற்சி. அந்த நூலக வகுப்பில் கடைசி வரிசையில் ஒரு அம்மா இருந்தார், ஐம்பத்தைந்து வயது இருக்கும், வேலைக்குப் போகும் உடையிலேயே வந்திருந்தார். முன்னால் குனியும் இடத்தில் அவர் கை முழங்காலோடு நின்றுவிட்டது. தலையைத் தூக்காமலே இருபுறமும் பார்த்தார். மற்றவர்கள் விரல் தரையைத் தொட்டிருந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் என் இரண்டு முழங்காலையும் மடக்கி, கையைத் தொடையில் ஊன்றி, "இப்படி நிற்பதும் இதே ஆசனம்தான்" என்றேன். அவர் தோள் இரண்டும் கீழே இறங்கியது எனக்குத் தெரிந்தது. சேர்ந்த 4 பேரில் அவர் ஒருவர். 6 வருடமாகச் செவ்வாய்க்கிழமை வகுப்பைத் தவறவிட்டதில்லை. பாப்-அப் வகுப்பில் நீங்கள் கவனிக்க வேண்டியவர் கடைசி வரிசையில்தான் இருப்பார்.

உங்கள் ஸ்டூடியோவைப் பற்றிப் பேசுவதை வகுப்பின் தொடக்கத்திலேயே ஒரு நிமிடத்தில் முடித்துவிடுங்கள். சவாசனத்திலிருந்து எழுந்து உட்கார்ந்தவரிடம் பேக்கேஜ், சலுகை என்று பேசுவதை நான் மனதார வெறுக்கிறேன். அந்த அமைதியை நீங்களே கொடுத்துவிட்டு நீங்களே பிடுங்கக் கூடாது. வெளியே போகும் வழியில் ஒரு மேசை, அதில் ஒரு உதவியாளர், ஒரு கியூஆர் கோடு, ஒரு பேனா, ஒரு தாள் போதும். கியூஆர் கோடு இருந்தாலும் தாளை விடாதீர்கள். வியர்த்த கையோடு போனைத் தேட விரும்பாதவர்கள் பெயர் எழுதிவிட்டுப் போவார்கள்.

பாப்-அப்பின் பாதி வேலை அதற்குப் பிறகுதான். 24 மணி நேரத்துக்குள் ஒரு செய்தி அனுப்புங்கள், வந்தவர் பெயரைப் போட்டு. "எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்" என்று எழுதினால் யாரும் வரமாட்டார்கள். "வரும் வியாழன் மாலை 6.30க்குத் தொடக்க நிலை வகுப்பு, உங்களுக்காக ஒரு இடம் வைத்திருக்கிறேன்" என்று ஒரு நாளையும் ஒரு நேரத்தையும் சொல்லுங்கள். இந்த அழைப்பு ஒரு வாரம்தான் செல்லும் என்றும் சொல்லுங்கள். வந்தவர் பேர் தெரியாத கூட்டத்தில் போய் நிற்காமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு.

இலவசமா, கட்டணமா என்று கேட்பீர்கள். சிறு கட்டணம் வையுங்கள். என் அனுபவத்தில் இலவசமாகப் பதிவு செய்தவர்களில் பாதிப் பேர்தான் வருகிறார்கள். கொஞ்சமாவது கட்டியவர்கள் பெரும்பாலும் வந்துவிடுகிறார்கள். ஸ்டூடியோவில் சேர்ந்தால் அந்தத் தொகையை முதல் மாதக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம்.

பலனை அளப்பது வந்த தலைகளை எண்ணியல்ல. 40 பேர் வந்தார்கள், 22 பேர் எண் கொடுத்தார்கள், 9 பேர் சோதனை வகுப்புக்கு வந்தார்கள், 3 பேர் சேர்ந்தார்கள் என்று நான்கு எண்ணையும் எழுதிவையுங்கள். எந்த இடத்தில் கூட்டம் கரைகிறது என்று பாருங்கள். 22 கிடைத்து 2 பேர்தான் சோதனைக்கு வந்தார்கள் என்றால் பின்தொடர்வதில் குறை. 9 வந்து ஒருவரும் சேரவில்லை என்றால் ஸ்டூடியோ வகுப்பில் குறை. 90 நாள் கழித்து அந்த மூவரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுதான் கடைசி எண்.

ஜூன் 21 பற்றி ஒரு வார்த்தை. 2014 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை, இந்தியா முன்மொழிந்து 170-க்கும் மேற்பட்ட நாடுகள் ஆதரித்த தீர்மானத்தின் மூலம் அந்த நாளைச் சர்வதேச யோகா தினமாக அறிவித்தது; 2015 முதல் கொண்டாடப்படுகிறது. அன்று எல்லா இடத்திலும் இலவச வகுப்பு நடக்கும். நீங்களும் போய்ப் பங்குபெறுங்கள், ஆனால் உங்கள் பாப்-அப்பை அன்றைக்கு வைக்காதீர்கள். இரண்டு வாரம் தள்ளி வையுங்கள். ஆர்வம் கிளம்பியிருக்கும், ஆனால் போட்டி ஓய்ந்திருக்கும்.

இப்போது முகாம். போஸ்டரில் ரிட்ரீட் என்று போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு முகாம் என்று சொல்லித்தான் பழக்கம்.

முகாமில் நீங்கள் விற்பது என்ன என்று தெளிவாக இருக்க வேண்டும். ஒரு மணி நேர வகுப்பில் ஆசனமும் கொஞ்சம் பிராணாயாமமும்தான் அடங்கும். யோகத்தின் எட்டு அங்கங்களில் அவை மூன்றாவதும் நான்காவதும். ஐந்தாவதான பிரத்தியாகாரம், அதாவது வெளியே ஓடும் புலன்களை உள்ளே திருப்புவது, 60 நிமிடத்தில் நடக்காது. அதற்கு நேரம் வேண்டும், மௌனம் வேண்டும், வீட்டு வேலை கூப்பிடாத தூரம் வேண்டும். முகாமில் மட்டும் கிடைப்பது அந்த நேரம்தான். ஆகவே முகாமைக் கூடுதல் வகுப்புகளின் மூட்டையாக ஆக்காதீர்கள்.

நான் அந்தத் தவறைச் செய்தேன். முதல் முகாமில் காலை 5.30 முதல் இரவு 9 வரை 7 அமர்வுகள் போட்டிருந்தேன். கொடுத்த காசுக்கு நிறையக் கிடைக்க வேண்டும் என்ற எண்ணம். மாலை 4 மணி அமர்வில் பாதிப் பேர் கண்ணைத் திறக்க முடியாமல் இருந்தார்கள், ஒருவருக்கு இடுப்பில் பிடித்துக்கொண்டது. 5 மணிக்குப் பெரும் மழை, கூடத்தில் ஒழுகல். வேறு வழியில்லாமல் எல்லோரும் தாழ்வாரத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தோம். யாரும் பேசவில்லை. ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம், யாரோ ஒருவரின் நீண்ட மூச்சு. முக்கால் மணி நேரம் அப்படியே போனது. முகாம் முடிந்து கருத்து எழுதச் சொன்னபோது, 12 பேரில் 9 பேர் அந்த மழை நேரத்தைத்தான் எழுதியிருந்தார்கள். நான் திட்டமிட்ட 7 அமர்வுகளில் ஒன்றைக்கூட அவர்கள் குறிப்பிடவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாளில் பயிற்சி மொத்தம் 4 முதல் 5 மணி நேரத்தைத் தாண்ட விடுவதில்லை. காலை நீண்ட அமர்வு ஒன்று, மாலை மெதுவான அமர்வு ஒன்று, இரண்டுக்கும் நடுவில் ஏதாவது ஒரு தலைப்பில் பேச்சும் கேள்வியும், மற்ற நேரம் வெறுமனே இருக்க. மறுநாள் காலை எழுந்ததிலிருந்து முதல் உணவு வரை மௌனம். போனைப் பிடுங்கி வைப்பதில்லை. வீட்டுக்கு அவசர எண்ணாக உதவியாளர் எண்ணைக் கொடுத்துவிட்டால் பெரும்பாலானவர்கள் தாங்களே அணைத்துவிடுகிறார்கள்.

படிப்படியாகப் போங்கள். முதலில் உங்கள் ஸ்டூடியோவிலேயே ஞாயிறு காலை 4 மணி நேர அரை நாள் முகாம். இடச் செலவு கிடையாது, தோற்றாலும் இழப்பு சிறிது. இரண்டு முறை அது நிறைந்தால், வெளியே ஒரு முழு நாள். அதுவும் நிறைந்தால் ஒரு இரவு தங்கல். தங்கும் முகாமுக்கு இடம் இரண்டு, மூன்று மணி நேரப் பயணத்துக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் இரண்டு நாளில் ஒரு நாள் சாலையில் கழியும்.

கணக்குக்கு வருகிறேன், இதுதான் பலர் தடுக்கி விழும் இடம். எந்த ஊருக்கும் பொருந்தட்டும் என்பதால் உங்கள் மாதக் கட்டணத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். ஒரு இரவு, இரண்டு நாள் முகாம். எத்தனை பேர் வந்தாலும் மாறாத செலவு: கூடத்தின் வாடகை 400, உங்கள் சம்பளம் 300, உதவி ஆசிரியர் 150, பொருட்களும் போக்குவரத்தும் 100, விளம்பரம் 100, எதிர்பாராததற்கு 150. மொத்தம் 1,200. உங்கள் சம்பளத்தைக் கட்டாயம் எழுதுங்கள். அதை விட்டுவிட்டு வருவதெல்லாம் லாபம் என்று நினைத்தவர்கள் இரண்டாவது முகாமோடு களைத்துப்போகிறார்கள். ஆளுக்கு ஆகும் செலவு, அறை, சாப்பாடு, பணம் செலுத்தும் செயலியின் பிடித்தம் எல்லாம் சேர்த்து 130. கட்டணம் 250 வைத்தால் ஒரு ஆளிடம் மிஞ்சுவது 120. 1,200-ஐ 120-ஆல் வகுத்தால் 10. பத்தாவது ஆள் சேரும்வரை நஷ்டம், 11-ஆவது ஆளிலிருந்து மிச்சம்.

இப்போது "முன்கூட்டிப் பதிந்தால் 10% தள்ளுபடி" என்று போடுகிறீர்கள். கட்டணம் 225 ஆகிறது. மிஞ்சுவது 120-லிருந்து 95. அதாவது தள்ளுபடி 10%தான், ஆனால் உங்கள் கைக்கு வருவது 21% குறைகிறது. எல்லோரும் அந்தத் தள்ளுபடியில் வந்தால், நஷ்டம் தீர 13 பேர் வேண்டும். "நண்பரை அழைத்து வந்தால் அவருக்குப் பாதிக் கட்டணம்" என்று போட்டால் இன்னும் மோசம்: நண்பர் கட்டுவது 125, அவருக்கு ஆகும் செலவு 130. ஒவ்வொரு நண்பருக்கும் நீங்கள் கையிலிருந்து 5 போடுகிறீர்கள். தள்ளுபடிக்குப் பதிலாக, முதலில் பதிகிற 5 பேருக்கு முகாமுக்கு முன் அரை மணி நேரத் தனிப்பயிற்சி கொடுங்கள். அவர்களுக்கு அது பெரிது, உங்களுக்குச் செலவு நேரம் மட்டும்.

கட்டணத்தை இரண்டு தவணையாக வாங்குங்கள். ரத்து விதிகளைப் பதிவு செய்யும்போதே எழுத்தில் கொடுங்கள்: எத்தனை நாளுக்கு முன் சொன்னால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், வேறொருவரைத் தன் இடத்தில் அனுப்பலாமா, நீங்களே ரத்து செய்தால் என்ன. கடைசிக் கேள்விக்கு ஒரே பதில்தான்: முழுத் தொகையும் திரும்ப. விடுதியோடு நீங்கள் போடும் விதி, மாணவர்களோடு போடும் விதியைவிடக் கடுமையாக இருந்தால், நடுவில் நசுங்குவது நீங்கள். தேதிகளை ஒத்துப்போக வையுங்கள்.

சட்டமும் இன்சூரன்ஸும். தங்குமிடத்தையும் பயிற்சியையும் ஒரே விலையில் சேர்த்து விற்கும்போது சில நாடுகளின் சட்டம் உங்களைச் சுற்றுலா ஏற்பாட்டாளராகப் பார்க்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015/2302 என்ற நெறிமுறை, 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருப்பது, இதற்கு நல்ல உதாரணம். ஒரு இரவுத் தங்கலோடு வேறொரு முக்கியச் சுற்றுலாச் சேவையைச் சேர்த்து விற்றால் அது "பேக்கேஜ்" ஆகலாம். அப்படி ஆகிவிட்டால், விற்றவர் திவாலானாலும் வாடிக்கையாளர் பணம் திரும்பக் கிடைக்கும் ஏற்பாடு வரை பொறுப்பு அவருடையது. உங்கள் நாட்டில் என்ன விதி என்று தங்கல் முகாமுக்கு முன் ஒரு ஆலோசகரிடம் கேளுங்கள். அல்லது அறைக்கான பணத்தை மாணவர்களே நேரடியாக விடுதியில் கட்டும்படி வைக்கலாமா என்றும் கேளுங்கள். உங்கள் இன்சூரன்ஸ் பாலிசி ஸ்டூடியோ முகவரிக்கு மட்டும்தானா, வெளியிடத்துக்கும் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இது பாப்-அப்புக்கும் பொருந்தும். இசை ஒலிபரப்பினால் பொது இடத்துக்கான உரிமம் தேவைப்படும். ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகளின் சந்தா சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான். நான் இசையையே விட்டுவிட்டேன், யாரும் குறை சொல்லவில்லை.

உடல்நலப் படிவத்தைச் சடங்காக நினைக்காதீர்கள். உயர் ரத்த அழுத்தம், கிளாக்கோமா (கண் அழுத்த நோய்), கர்ப்பம், அண்மையில் நடந்த அறுவை, முதுகுத் தண்டுவட்டுப் பிரச்சினை, உட்கொள்ளும் மருந்துகள், அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் எண். தலைகீழ் ஆசனங்களில் கண் அழுத்தம் ஏறும். கிளாக்கோமா உள்ளவருக்கு அது ஆபத்து. இதை முகாமுக்கு ஒரு வாரம் முன்பே படித்து, யாருக்கு எதை மாற்ற வேண்டும் என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள். 10, 12 பேருக்கு ஒரு ஆசிரியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து மருத்துவமனை எங்கே, யார் வண்டி ஓட்டுவார் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். "2 நாளில் முதுகுவலி தீரும்", "மருந்தை விடலாம்" என்று விளம்பரத்தில் ஒரு எழுத்துகூட வரக்கூடாது. அது பொய். நம்பி மருந்தை நிறுத்துகிறவருக்கு ஏதாவது ஆனால் அந்தப் பாவம் நம்முடையது.

முகாம் நடக்கும் வார இறுதியில் ஸ்டூடியோவைப் பூட்டாதீர்கள். 60 பேரில் 12 பேர் முகாமுக்கு வந்தால், வரமுடியாத 48 பேரும் கட்டணம் கட்டுகிறவர்கள்தான். மாற்று ஆசிரியர் கிடைக்கவில்லை என்றால் முகாம் தேதியை மாற்றுங்கள், வகுப்பை அல்ல. முகாமிலிருந்து திரும்பிய முதல் வாரத்தில், போனவர்கள் எல்லோரும் வரும் வகுப்பு ஒன்றை முன்பே குறித்துவிடுங்கள். மௌனமாகப் பக்கத்தில் உட்கார்ந்த இருவர் அதன் பிறகு ஒருவரை ஒருவர் தேடுகிறார்கள். "நாளை வருகிறீர்களா?" என்று மாணவரே மாணவரைக் கேட்கத் தொடங்கினால், உங்கள் 5 பேர் நிற்பது 2 பேராகக் குறையும். முகாமின் மிச்சத்தைவிட எனக்கு அதுதான் பெரிய வருமானமாக இருந்திருக்கிறது. படங்களைப் போடும் முன் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். வேண்டாம் என்கிறவர் இருந்தால் முதுகுப் பக்கமிருந்து எடுங்கள்.

எத்தனை தடவை? உங்கள் அளவுள்ள ஸ்டூடியோவுக்கு முதல் வருடம் 6 பாப்-அப், 3 அரை நாள் முகாம், கடைசியில் ஒரு தங்கல் முகாம். அதற்கு மேல் போனால் வார வகுப்பின் தரம் இறங்கும்.

இப்போது அந்த 20 அறை. இருவருக்கு ஒரு அறை என்றால் 40 பேர். உங்களிடம் இருப்பதே 60 பேர். முகாமுக்கு வருவேன் என்று வாயால் சொல்கிறவர்களில் பாதிப் பேர்தான் பணம் கட்டுவார்கள். முதல் முகாமுக்கு 10 முதல் 12 பேர் வந்தால் அது நல்ல தொடக்கம். தனி அறை கேட்பவர்கள், உங்களுக்கும் உதவியாளருக்கும் எல்லாம் சேர்த்து 8 அறை போதும். மீதி 12 அறைக்கு நீங்கள் கட்டும் முன்பணம், தள்ளுபடியில் கிடைப்பதாகச் சொல்வதை எல்லாம் விழுங்கிவிட்டு மேலும் கேட்கும்.

விடுதிக்காரரிடம் இப்படிப் பேசுங்கள்: 8 அறை மட்டும். வார இறுதிக்குப் பதில் கூட்டம் குறைந்த பருவமோ வார நாளோ என்றாலும் சரி, அப்போது விலையில் அவர் இறங்கி வருவார். முன்பணம் 20%. முகாமுக்கு 45 நாள் முன்புவரை நிரம்பாத அறைகளைக் கட்டணமின்றித் திருப்பிக் கொடுக்கும் உரிமை, ஒப்பந்தத்தில் எழுத்தாக. கூடம் எங்களுக்கு மட்டும், அன்று பக்கத்தில் வேறு விழா இல்லை என்பதும் எழுத்தாக. கையெழுத்துக்கு முன் ஒரு இரவு நீங்களே போய்த் தங்குங்கள்; காலை 5.30க்குக் கூடத்தில் மேட்டை விரித்து உட்கார்ந்து என்ன சத்தம் கேட்கிறது என்று கேளுங்கள். இதற்கெல்லாம் அவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். அடுத்த மாதத்தில் ஒரு ஞாயிறைக் குறித்து, அரை நாள் முகாமுக்கு உங்கள் ஸ்டூடியோவிலேயே பெயர் எடுக்கத் தொடங்குங்கள்.